கேள்வி பதில்: புரதத்தைப் படம் பிடித்தது யார்?

கேள்வி: நோய் எதிர்ப்புச் செல்களுக்குச் சேதி சொல்லும் புரதங்கள் என்று சொல்லி, ரிப்பனைச் சுருட்டிப்போட்ட மாதிரி கலர் கலராகப் படம் போடுகிறார்களே, மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாததை எப்படிப் படம் பிடித்தார்கள்? இல்லை, சும்மா வரைந்ததா?

பதில்: படமும் பிடிக்கவில்லை, சும்மாவும் வரையவில்லை. கணக்குப் போட்டார்கள். பொதுவாகப் பேசினால் புரியாது, இன்டர்லூக்கின்-8ஐயே எடுத்துக்கொள்வோம். கிருமி புகுந்த இடத்தில் உள்ள செல்கள் இதைச் சுரக்கும், உடனே நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியேறி அங்கே ஓடிவரும். 72 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதம்தான்.

இதன் வடிவத்தை 1990இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மாரியஸ் க்ளோர், ஏஞ்சலா க்ரோனன்பார்ன் குழுவினர் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) முறையில் கண்டுபிடித்தார்கள். கரைத்த புரதத்தை வலுவான காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் அததற்குரிய அதிர்வெண்ணில் பதில் தரும். இரண்டு ஹைட்ரஜன்கள் ஏறக்குறைய 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கியிருந்தால் (சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) ஒன்றைச் சீண்டும்போது மற்றதன் சிக்னலும் மாறும். ஊரைப் பார்க்காமலே, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று மட்டும் விசாரித்து ஊர் வரைபடம் போடுகிற வேலை இது. இன்டர்லூக்கின்-8க்கு இப்படி 1,880 தூரத் தகவல்கள் சேர்த்தார்கள். அத்தனைக்கும் ஒத்துவருகிற வடிவத்தைக் கம்ப்யூட்டர் தேடும், ஆனால் ஒரே விடை வராது, அதனால் 30 வடிவங்கள் கணக்கிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒட்டிக்கொண்ட இடத்தை நம்பலாம், சிதறிக் கிடக்கிற இடமோ நிஜமாகவே ஆடுகிறது, இல்லையென்றால் அங்கே தகவல் பத்தவில்லை. பாடப்புத்தக ரிப்பன் இந்த வித்தியாசத்தைக் காட்டுவதே இல்லை, அது எனக்குக் குறைதான்.

இதில் இன்னொரு சிக்கல், கரைசலில் இந்தப் புரதம் ஜோடி ஜோடியாக இருந்தது. இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று என்பதால், வந்த சிக்னல் ஒரே பாதிக்குள்ளிருந்தா, இரண்டுக்கும் நடுவிலிருந்தா என்று பிரிப்பது பெரும்பாடு. அந்த 1,880இல் 82தான் நடுவிலிருந்து வந்தவை. அவற்றை வைத்துத்தான் இரண்டு பாதியும் எப்படி ஒட்டியிருக்கின்றன என்று சொன்னார்கள்: கீழே ஆறு இழைகள் சேர்ந்த தகடு, மேலே இரண்டு சுருள்கள்.

கேள்வி: படிகம் வளர்த்து எக்ஸ்ரே போடுவதுதானே வழக்கம்?

பதில்: அதையும் செய்தார்கள், 1991இல். ஆனால் எக்ஸ்ரேயில் கிடைக்கிற புள்ளிகளின் பிரகாசத்தை அளக்கலாமே தவிர, ஒவ்வொரு அலையும் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் வந்தது என்பது தொலைந்துபோயிருக்கும், அது இல்லாமல் வடிவம் வராது. என்.எம்.ஆர். வடிவத்தையே முதல் ஊகமாக வைத்துத்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மொத்த உருவம் ஒத்துப்போனது, நுணுக்கங்களில் கொஞ்சம் வேறுபட்டது.

கேள்வி: அப்படியானால் உடம்பிலும் ஜோடியாகத்தான் வேலை செய்கிறதா?

பதில்: அங்கேதான் சுவாரஸ்யம். என்.எம்.ஆருக்காகக் கரைக்கிற அடர்த்தி, உடம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். 1994இல் ராஜரத்தினம், சைக்ஸ், க்ளார்க்-லூயிஸ் முதலானோர் 25ஆவது அமினோ அமிலத்தில் ஒரே ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்து, ஜோடி சேரவே முடியாத இன்டர்லூக்கின்-8ஐ வேதியியல் முறையில் செய்தார்கள். அது தனியாகவே நியூட்ரோபில்களைக் கிளப்பியது, அசலுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அதற்காக 1990இன் வடிவம் தப்பு என்று ஆகாது, அந்தச் சூழ்நிலையில் அது சரி. அப்புறம் 2020இல் கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் (உறையவைத்த மாதிரியை ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களால் பார்ப்பது) மூலம், செல்லின் மேலிருந்து சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பியோடு இது ஒட்டியிருக்கும் கோலத்தையே பார்த்தார்கள், அதில் தனியாகவும் இருந்தது, ஜோடியாகவும் இருந்தது.

நீங்களே திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் புரத வடிவங்களைச் சேர்த்துவைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்தில் 1ஐஎல்8 (என்.எம்.ஆர்.), 3ஐஎல்8 (படிகம்) என்று ஆங்கில எழுத்தில் தேடுங்கள். இலவசம்தான்.