டெக் கட்டும் கான்ட்ராக்டருக்கு எது கட்டுப்படியாகும்: கம்போசிட் பலகையா, பிவிசி பலகையா?

கேட்டவர் டொராண்டோ பக்கம் சிறிய அளவில் டெக் (வீட்டை ஒட்டிப் போடும் பலகைத் தளம்) வேலை எடுத்துச் செய்பவர். இதுவரை பிரஷர் ட்ரீட்டட் மரத்தில்தான் (உளுக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம்) கட்டியிருக்கிறார். இப்போது வாடிக்கையாளர்கள் கம்போசிட், பிவிசி என்று கேட்கிறார்களாம். இரண்டுக்கும் செலவு எவ்வளவு வித்தியாசப்படும், கொட்டேஷனில் அதை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். நான் இதே ஊரில் டெக் வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுபவன். தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பலகை விலையை மட்டும் பார்த்தால் பிவிசிதான் அதிகம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்கள் கையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்பதை ரன்னிங் அடி விலை (ஒரு அடி நீளத்துக்கான விலை) தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வெட்டி வீணாக்குகிறீர்கள், எந்த இடத்தில் கட்டுகிறீர்கள், குளிர்காலத்தில் திரும்ப வந்து சரிசெய்யச் சொல்லி அழைப்பு வருகிறதா, இவைதான் தீர்மானிக்கின்றன.

முதலில் பொருளைப் பற்றிச் சுருக்கமாக. கம்போசிட் என்றால் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்திய பலகை. இன்று நல்ல கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வகை. உறை இல்லாத பழைய வகையில் பூஞ்சையும் கறையும் பெரிய தலைவலியாக இருந்தன. பிவிசி பலகை முழுக்க பிளாஸ்டிக், மரம் துளியும் கிடையாது. பிராண்டுகளில் ட்ரெக்ஸ் என்றால் பெரும்பாலும் கம்போசிட்தான். டிம்பர்டெக் என்ற பெயரில் மட்டும் கவனமாக இருங்கள், அவர்கள் கம்போசிட்டும் விற்கிறார்கள், பிவிசியும் விற்கிறார்கள். வாடிக்கையாளர் "எனக்கு டிம்பர்டெக் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எந்த வரிசை, எந்த நிறம் என்று கேட்டு எழுதாமல் கொட்டேஷன் அனுப்பினால் உங்களுக்கும் அவருக்கும் மனதில் வேறு வேறு பலகை இருக்கும்.

கம்போசிட்டுக்குள்ளேயே விலை வித்தியாசம் நிறைய. விலை குறைந்த வரிசைகள் பலவற்றில் பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரி பள்ளம் விட்டிருப்பார்கள். எடை குறையும், விலையும் குறையும். மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் படிக்கட்டின் முன்விளிம்பிலும், அறுத்த முனை வெளியே தெரிகிற இடத்திலும் அந்தப் பள்ளம் பல்லிளிக்கும். அங்கே முழுக்கனமான, ஓரத்தில் கிளிப் (பலகையைப் பிடித்து வைக்கும் கொக்கி) மாட்டும் பள்ளம் இல்லாத பலகை வாங்கியாக வேண்டும். குறைந்த விலையை மொத்த அடியால் பெருக்கிவிட்டு இந்தப் பலகைகளை மறந்துவிடுகிற கொட்டேஷன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். விலை யார்டுக்கு யார்டு (மரம், பலகை விற்கும் கடை) மாறும், அமெரிக்க டாலர் மதிப்போடும் ஏறி இறங்கும். அதனால் நான் இங்கே போடுவது கணக்குக்கான விலை மட்டும்: நடுத்தரக் கம்போசிட் ரன்னிங் அடி 5 டாலர், பிவிசி 8 டாலர், இரண்டும் கனடிய டாலரில். நீங்கள் எச்எஸ்டி (விற்பனை வரி) பதிவு செய்தவர் என்றால் பொருளுக்குக் கட்டும் 13 சதவீத வரியைத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம், ஆகவே வரியை விட்டுவிட்டே ஒப்பிடுங்கள்.

வீட்டுச் சுவரோரம் 17 அடி, முற்றத்துப் பக்கம் 16 அடி நீட்டிய ஒரு டெக். பலகை சுவருக்கு இணையாக ஓடுகிறது, ஐந்தரை அங்குல அகலம், இடைவெளி 3/16 அங்குலம். 16 அடிக்கு 34 வரிசை வரும். பலகைகள் 12, 16, 20 அடியில்தான் கிடைக்கும். 17 அடிக்கு 20 அடிப் பலகை வாங்க வேண்டும், ஒவ்வொரு வரிசையிலும் 3 அடி துண்டாக விழும். மொத்தம் 680 அடி. கம்போசிட்டில் 3,400 டாலர், பிவிசியில் 5,440. வித்தியாசம் 2,040 டாலர். முழு ஒப்பந்தத் தொகை 25,000 என்று வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 8 சதவீதம். அடி விலையில் 60 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது, வேலையின் மொத்தத்தில் 8 சதவீதமாகிவிட்டது. வாடிக்கையாளரிடம் பேசும்போது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதைத்தான் முன்வைக்க வேண்டும், அதில் லாபத்தை எப்படிச் சேர்ப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அதே டெக்கின் இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு பலகை வைத்து பார்டர் போடுங்கள். பக்கத்துக்குச் சுமார் 11 அங்குலத்தை பார்டர் எடுத்துக்கொள்ளும். நடுவில் மிஞ்சுவது 15 அடிக்குச் சற்று மேல். அதற்கு 16 அடிப் பலகை போதும். 34 வரிசைக்கு 544 அடி, பார்டருக்கு 16 அடிப் பலகை நான்கு, அதாவது 64 அடி. மொத்தம் 608. முன்பு 680 வாங்கினோம். 72 அடி மிச்சம், பிவிசியில் அது 576 டாலர். டெக்கும் பார்க்க அழகாகிறது, வெட்டிய முனைகளும் வெளியே தெரியாது. பார்டர் பலகை ஜாய்ஸ்டுக்கு (பலகையைத் தாங்கும் குறுக்கு மரம்) இணையாக ஓடுவதால் அடியில் கூடுதல் ஜாய்ஸ்டும் பிளாக்கிங்கும் (ஜாய்ஸ்டுகளுக்கு நடுவே அடிக்கும் மரத்துண்டு) அடிக்க வேண்டும், அந்த மரமும் நேரமும் சேமிப்பில் ஒரு பங்கைத் தின்னும். அப்படியும், குப்பைத் தொட்டிக்குப் போகவிருந்த காசு வேலையாக மாறுகிறது. பலகை விலை ஏற ஏற இந்த மாதிரி வரைபடத்தில் செலவழிக்கும் அரை மணி நேரத்துக்கு மதிப்பு கூடும். பிவிசி வேலை எடுப்பவர் பென்சிலைக் கீழே வைக்கவே கூடாது என்பேன்.

பலகைக்குக் கீழே இருப்பது எதுவும் மாறாது. டெக்கின் கால்கள் மண் உறையும் ஆழத்தைத் தாண்ட, தரையிலிருந்து 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும், கம்போசிட்டுக்கும் அதேதான், பிவிசிக்கும் அதேதான். டெக் தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கைப்பிடி (ரெய்லிங்) வேண்டும், டெக் 1.8 மீட்டர் உயரம் வரை இருந்தால் கைப்பிடி 900 மில்லிமீட்டர், அதற்கு மேல் 1,070. இந்த டெக்குக்கு மூன்று பக்கமும் சேர்த்து 49 அடி, படிக்கட்டு வாயைக் கழித்துக்கொள்ளுங்கள். அலுமினியமும் கண்ணாடியும் கேட்டார்கள் என்றால் பலகைச் செலவை ரெய்லிங் தாண்டிவிடும். பலகையில் அடிக்கு ஒரு டாலர் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் வாடிக்கையாளர் ரெய்லிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஸ்கார்பரோவில் ஒரு ஐயா எடுத்த எடுப்பிலேயே "தம்பி, அடி என்ன விலை எண்டு மட்டும் சொல்லும்" என்றார். அவருடைய வரைபடத்தை விரித்து, பலகைக்கு எவ்வளவு, அடியில் இருக்கும் மரச்சட்டத்துக்கு எவ்வளவு, ரெய்லிங்குக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய பிறகு அடி விலையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. ரெய்லிங்கை எளிய மாடலாக மாற்றிக்கொண்டு பலகையை உயர்த்திக்கொண்டார். எனக்கு அது நல்ல முடிவாகவே பட்டது.

கூலியில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். கிளிப், ஸ்க்ரூ, பிளக் (ஸ்க்ரூ துளையை மூடும் அடைப்பு) எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே முறைதான். எடையில் மட்டும் பிவிசிக்கு உண்மையான லாபம் இருக்கிறது. முழுக்கனமான 20 அடி கம்போசிட் பலகை 20 கிலோவைத் தாண்டும். தூக்கினால் நடுவில் தொய்யும், ஆகவே இரண்டு பேர் வேண்டும். பிவிசி எடை அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். தரையோடு ஒட்டிய டெக்கில் இது ஒரு பொருட்டில்லை. வாக்அவுட் பேஸ்மென்ட் (பின்முற்றத்துக்கு நேரே வெளியேறும் நிலவறை) உள்ள வீடுகளில், மாடி உயரத்துக்கு அத்தனை பலகையையும் பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொண்டுபோய் ஏற்ற வேண்டிய வேலையில், மாலை நான்கு மணிக்கு ஆட்களின் தோளைப் பார்த்தால் தெரியும். மறுபக்கம், பிவிசியை அறுக்கும்போது பறக்கும் தூள் மின்னேற்றம் பெற்று உடை, புல், பக்கத்து வீட்டு வேலி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். துடைப்பத்துக்கு வராது. ரம்பத்தோடு வேக்குவம் மாட்டி, அடியில் தார்ப்பாய் விரித்து அறுங்கள். சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் கொட்டேஷனில் சேருங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் யாரும் கொட்டேஷனில் எழுதுவதில்லை. வெயிலிலும் குளிரிலும் பலகை நீளும், சுருங்கும். பிவிசி இதில் கம்போசிட்டை விட அதிகமாக அசையும். ஜூலை வெயிலில் கிடக்கும் பலகைக்கும் ஜனவரியில் மைனஸ் 20-இல் கிடக்கும் பலகைக்கும் நடுவே 50 டிகிரி செல்சியஸுக்குக் குறையாது. எதிலும் பிடிக்காமல் விட்ட 16 அடி பிவிசி பலகை அந்த வித்தியாசத்தில் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் அசையும். ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் அசைவு குறையும், இல்லாமல் போகாது. கொளுத்தும் வெயிலில் மூலையில் 45 டிகிரி மைட்டர் (இரு பலகையின் முனையையும் சாய்வாக அறுத்துச் சேர்ப்பது) வெட்டி இறுக்கமாகச் சேர்த்துவிட்டு வந்தால், தை மாதக் குளிரில் அந்த மூலை வாயைப் பிளந்து நிற்கும். வாடிக்கையாளர் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். இரண்டு பேர், அரை நாள், 401 நெடுஞ்சாலையில் போக வர நேரம், எல்லாம் உங்கள் பையிலிருந்து.

இதற்கு வழி இருக்கிறது. மூலையில் மைட்டருக்குப் பதிலாக ஒரு பலகையை நீளவிட்டு மற்றதை அதன் மேல் முட்டவிடுங்கள். மேலே சொன்ன பார்டர் இரண்டு பக்கம் மட்டும் ஓடுவதால் அதில் மைட்டரே கிடையாது என்பதையும் கவனியுங்கள். மைட்டர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பிவிசியை அதற்கான பசையால் ஒட்டி, மூட்டுக்கு அருகிலேயே ஸ்க்ரூ போட்டு இறுக்கலாம். கம்போசிட்டில் அந்தப் பசை பிடிக்காது. முனை இடைவெளி எந்த வெப்பநிலையில் எவ்வளவு என்று தயாரிப்பாளர் அட்டவணை கொடுத்திருப்பார், அதைப் பிரிண்ட் எடுத்து ரம்ப மேசையில் ஒட்டி வையுங்கள். கம்போசிட்டுக்கும் இது பொருந்தும், அதுவும் அசையத்தான் செய்கிறது.

எந்த இடத்துக்கு எது என்பதில் என் அபிப்பிராயம் தெளிவானது. நீச்சல் குளத்தோரம், ஏரிக்கரை காட்டேஜ், தரையை ஒட்டிக் காற்று புகாமல் கிடக்கும் தாழ்ந்த டெக், மரநிழலில் எப்போதும் ஈரமாக இருக்கும் பின்முற்றம், இங்கெல்லாம் பிவிசி. கம்போசிட்டுக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும், அதற்கு எவ்வளவு உயரம் என்பதைத் தயாரிப்பாளர் எழுதியே கொடுத்திருப்பார். அதை மீறிக் கட்டினால் உத்தரவாதம் செல்லாது. மற்ற இடங்களில், வெயிலும் காற்றும் படுகிற சாதாரண டெக்குக்கு உறை போட்ட நல்ல கம்போசிட் தாராளமாகப் போதும். 50 வருட உத்தரவாதம் என்று காட்டி பிவிசியை விற்கச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. அடியில் இருக்கும் பிரஷர் ட்ரீட்டட் சட்டம் அவ்வளவு காலம் நிற்காது என்பதை வாடிக்கையாளரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். ஜாய்ஸ்டின் தலையில் பியூட்டில் டேப் (தண்ணீர் புகவிடாத ஒட்டுநாடா) ஒட்டினால் சட்டத்தின் ஆயுள் கூடும். விலையும் அதிகமில்லை. எந்தப் பலகை போட்டாலும் நான் அதைச் சேர்த்தே எஸ்டிமேட் போடுகிறேன். இன்னொன்று, பெரும்பாலான உத்தரவாதம் பலகைக்குத்தான், பிரித்து மாற்றும் கூலிக்கு அல்ல. சில வரிசைகளில் விதிவிலக்கு இருக்கும், காகிதத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக லாப விகிதம். மேலே பார்த்த 2,040 டாலர் உங்கள் கொள்முதல் வித்தியாசம். அதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும் சிறு கான்ட்ராக்டர்கள் பலர் இருக்கிறார்கள், மனம் நல்ல மனம்தான். ஆனால் பிவிசி வேலையில் உங்கள் பணம் அதிகம் முடங்குகிறது. 20 அடிப் பலகை ஒன்றைத் தப்பாக அறுத்தால் 100 டாலருக்குப் பதில் 160 டாலர் போகிறது. பொருளுக்கு வழக்கமாக 20 சதவீதம் வைக்கிறீர்கள் என்றால் இந்த வித்தியாசத்துக்கும் வைத்து 2,448 என்று சொல்லுங்கள். கூலியையும் ஆபீஸ் செலவையும் மட்டும் பலகை விலையோடு சேர்த்து ஏற்றாதீர்கள், அவை மணிக்கணக்கில் வருபவை, பலகை மாறியதால் மணி பெரிதாகக் கூடவில்லை. அப்படி எல்லாவற்றையும் ஒரே சதவீதத்தால் பெருக்குவதால்தான் சிலருடைய பிவிசி கொட்டேஷன் வாடிக்கையாளரைப் பயமுறுத்தி விரட்டுகிறது.

யார்டில் விலை கேட்கும்போது அடி விலை கேட்காமல் முழுப் பட்டியலையும் கொடுத்து, பலகை, ஃபேசியா (டெக்கின் ஓரத்தை மூடும் பலகை), கிளிப், பிளக் எல்லாவற்றுக்கும் எழுத்தில் வாங்குங்கள். விலை எந்தத் தேதிவரை செல்லும் என்றும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்த நிறம் கையிருப்பில் இருக்கிறதா, ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டுமா என்பது மிக முக்கியம். கம்போசிட்டின் ஓடும் நிறங்கள் யார்டிலேயே கிடக்கும், இரண்டு பலகை குறைந்தால் மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம். பிவிசி பல இடங்களில் ஆர்டர் பொருள். குறைந்தால் வேலை நாள்கணக்கில் நிற்கும், மிஞ்சினால் திரும்ப எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். பிவிசிக்குக் கூடுதலாக எத்தனை பலகை சொல்வது என்று யார்டு சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.