லேசர் ஒத்துவராத கண்ணுக்கு லென்ஸ் அறுவை: தவணையில் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. இரண்டு கண்ணிலும் மைனஸ் 9 பவர். கண்ணாடிக்கு விடைகொடுக்க லேசர் செய்துகொள்ளலாம் என்று இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். பரிசோதித்த மருத்துவரோ, என் கார்னியாவின் (கண்ணின் முன்புறம் உள்ள ஒளி ஊடுருவும் படலம்) தடிமன் 485 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), லேசர் வேண்டாம், கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தலாம் என்கிறார். அதற்கு ஐந்து மாதச் சம்பளம் ஆகும். 24 மாத வட்டியில்லாத் தவணை உண்டு. மொத்தமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. தவணையில் போகட்டுமா, ஓய்வுக்காலச் சேமிப்பை எடுக்கட்டுமா, லேசருக்கு ஒப்புக்கொள்ளும் வேறு மருத்துவரைத் தேடட்டுமா? கண்ணாடிக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் போகிறது. கடைசியாகப் போன ஆண்டு பவர் மாறியது.

பதில்: மூன்றாவது யோசனையை முதலில் அடித்துவிடுங்கள். நான் கண் மருத்துவர் இல்லை. ஆனால் கூட்டலும் கழித்தலும் என் தொழில். லாசிக் என்னும் லேசர் முறையில் கார்னியாவின் மேல்பகுதியைச் சுமார் 110 மைக்ரான் தடிமனுள்ள மடலாகத் தூக்குகிறார்கள். அதன் அடியில் உள்ள திசுவை, ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் வீதம் லேசர் எடுக்கிறது. உங்கள் 9 பவருக்கு 126 மைக்ரான். 485-இல் இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 249. அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி; அதற்கு மேலும் கணிசமாக இருக்கட்டும் என்று நினைக்கும் மருத்துவர்களே இன்று அதிகம். மடல் இல்லாத லேசர் முறைகளும் உண்டுதான், ஆனால் அவையும் இதே கார்னியாவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அளவுக்கு மீறி மெலிந்த கார்னியா நாளடைவில் முன்னோக்கிப் பிதுங்கக்கூடும். அதன்பின் வருவது தனிவகை கான்டாக்ட் லென்ஸ், கார்னியாவை இறுக்கும் சிகிச்சை, மோசமான நிலையில் கார்னியா மாற்று அறுவை. மூன்று மாதச் சம்பளத்தை மிச்சம் பிடிக்க இந்தச் செலவுகளுக்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டுமா? வரவிருந்த வருமானத்தை விட்டு உங்களை மறுத்த அந்த மருத்துவரை நான் நம்புவேன்.

ஆக, லேசருக்கும் லென்ஸுக்கும் இடையே உங்களுக்குத் தேர்வே இல்லை. லென்ஸ் பொருத்துவதா, இருக்கும் கண்ணாடியோடு தொடர்வதா என்பதுதான் கேள்வி. இப்படிப் பார்த்ததுமே அவசரம் பாதி குறைந்துவிடும்.

இந்த லென்ஸ், ஐரிஸுக்கு (கண்ணின் நிற வளையம்) பின்னால், உங்கள் இயற்கை லென்ஸுக்கு முன்னால், சிறு கீறல் வழியாக உள்ளே வைக்கப்படுகிறது. கார்னியாவைச் செதுக்குவதில்லை, வேண்டாமென்றால் வெளியே எடுக்கவும் முடியும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் இவ்வகை லென்ஸை ஏற்றது. கண்ணுக்குள் நீரோட்டம் தடைபடாதபடி நடுவில் நுண்ணிய துளை வைத்த வடிவத்தை 2022-இல் ஏற்றது. அதிகப் பவர் உள்ளவர்களுக்கு இது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் எல்லாக் கண்ணும் இதற்கு இடம் கொடுக்காது. கண்ணின் முன்னறையில் (கார்னியாவுக்குப் பின்னால் உள்ள இடைவெளி) போதிய ஆழமும், கார்னியாவின் உள்வரிசைச் செல்கள் போதிய எண்ணிக்கையிலும் வேண்டும். இந்த அளவுகள் கையில் வருமுன் பணப் பேச்சே வேண்டாம்.

இனி லாப நட்டம். ஐந்து மாதச் சம்பளத்தை, ஆண்டுக்கு மிச்சமாகும் அரை மாதச் சம்பளத்தால் வகுத்தால் பத்து ஆண்டு. அப்போது உங்களுக்கு வயது 43, வெள்ளெழுத்து எட்டிப்பார்க்கும் வயது. இந்த லென்ஸ் அதைத் தடுக்காது. படிக்கும் கண்ணாடி வந்தே தீரும். அறுவைக்குப் பிறகும் கண் அழுத்தத்தையும் செல் எண்ணிக்கையையும் காலமெல்லாம் சோதிக்க வேண்டும். (விழித்திரைப் பரிசோதனையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மைனஸ் 9 கண்ணுக்கு அது அறுவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவை.) பிற்காலத்தில் கண்புரை வந்தால், அந்த அறுவையின்போதே இதையும் எடுத்துவிடுவார்கள். ஆகவே இதை முதலீடு என்று உங்களிடம் சொல்பவரை நம்பாதீர்கள். இது வசதிக்கான செலவு. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தடவாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு நீங்கள் தரும் விலை. அந்த விலை தகுமென்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தவறொன்றும் இல்லை. கடனில் மட்டும் வாங்க வேண்டாம்.

ஏனென்றால் உங்கள் 'வட்டியில்லாத் தவணை'யில் வட்டி இருக்கிறது. ரொக்க விலை நாலரை மாதச் சம்பளம், தவணை விலை ஐந்து. இரண்டு ஆண்டில் பத்து சதவீதம்தானே, ஆண்டுக்கு ஐந்து என்று மனம் கணக்குப் போடும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. முழுத் தொகையும் இரண்டு ஆண்டும் உங்கள் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. பரிசீலனைக் கட்டணம் என்று இரண்டு சதவீதம் சேர்த்தால் 12-க்கும் மேல். ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி ஒரே சொல்: தொடாதீர்கள்.

என் யோசனை இது. தவணையாகக் கட்ட நினைத்த தொகையை, மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ 21 சதவீதம், உங்களுக்கே கட்டுங்கள். பன்னிரண்டு மாதத்தில் அது இரண்டரை மாதச் சம்பளம் ஆகிவிடும். ஏற்கெனவே உள்ள இரண்டோடு சேர்த்தால் நாலரை, அதாவது தள்ளுபடி போக ரொக்க விலை. இந்த ஓராண்டுக் காத்திருப்பு மருத்துவத்துக்கும் பொருந்தும்: கடந்த ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறியிருக்கக் கூடாது என்பதே வழக்கமான நிபந்தனை, உங்களுக்கோ போன ஆண்டுதான் மாறியிருக்கிறது. இடையில் வேலைக்கு ஆபத்து வந்தால் சேர்த்த பணம் உங்களிடமே இருக்கும். தவணையாக இருந்திருந்தால் கடன்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் இந்த இரண்டு மாதச் சம்பளம்தான் உங்கள் அவசரகால நிதியும் என்றால், அதை முதலில் தனியே நிரப்புங்கள். அறுவை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகட்டும்.

பணம் கட்டுமுன் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். விலை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? லென்ஸின் அளவு பொருந்தாமல் மாற்ற நேர்ந்தாலோ, சிலிண்டர் பவருக்கான (கார்னியா சீராக வளையாததால் வரும் குறை) லென்ஸ் உள்ளே திரும்பிவிட்டாலோ மறு அறுவைக்கு யார் பணம் கட்டுவது? மிச்சப் பவர் இருந்தால்? தொடர் பரிசோதனை எவ்வளவு காலம் விலைக்குள் அடங்கும்? காப்பீட்டு நிறுவனத்தையும் கேளுங்கள். பார்வைத் திருத்தத்தை விருப்ப அறுவை என்று பல பாலிசிகள் ஒதுக்கிவிடும், சில பாலிசிகள் அதிகப் பவர் என்றால் செலவை ஏற்கும்; வாய்மொழிப் பதிலை நம்பாமல் பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் பதில் பெறுங்கள்.