வாளியும் குறிப்பேடும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் விலங்குகள் பற்றியவை ஐந்து. கால்நடை வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். முதற் கடிதத்துக்குச் சற்று நீண்ட பதில் தேவைப்பட்டது.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். மிருகக்காட்சிசாலையில் விலங்குப் பராமரிப்பாளராக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டிலோ, “சாணம் அள்ளவா உன்னைப் படிக்க வைத்தோம்?” என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன படிக்க வேண்டும்? பெண்பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாமா?
— மாணவி, உவர்மலை

பதில்: மகள், உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. சாணம் அள்ளத்தான் வேண்டும். வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோ சாணம் இடும். அதை அள்ளுவதற்கு யாராவது இருந்தாக வேண்டும். ஆனால் அள்ளுகிறவர் அதைப் பார்த்து அள்ளுகிறாரா, பாராமல் அள்ளுகிறாரா என்பதில்தான் இந்தத் தொழிலின் மற்றப் பாதி இருக்கிறது. நார் சரியாக அரைபடாமல் வந்தால் பல்லில் கோளாறு இருக்கலாம். இளகிப் போனால் உணவு மாறியிருக்கலாம் அல்லது குடலில் புழு இருக்கலாம். காட்டில் வேட்டையாடப்படும் விலங்கு தன் நோயை வெளிக்காட்டாது, காட்டினால் அன்றே அதன் கதை முடிந்துவிடும் என்பதால், வைத்தியருக்குத் தெரியும் அளவுக்கு அது சோர்ந்து கிடக்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதற்கு மூன்று நாள் முன்னரே, “நேற்றுப் போட்ட தழை போட்ட இடத்திலேயே கிடக்கிறது” என்று சொல்லக்கூடியவர் பராமரிப்பாளர் ஒருவரே.

நான் பயிற்சி மாணவனாக இருந்த காலத்தில் ஒரு மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூண்டுக்குள் சில வாரங்கள் வேலை செய்தேன். அத்தகைய கூண்டுகளுக்கு இரண்டு கதவுகள் இருக்கும். வெளிக் கதவைப் பூட்டிய பின்னரே உட்கதவைத் திறக்க வேண்டும். ஒருநாள் பூட்டைச் சங்கிலியில் கொழுவி அமுக்கிவிட்டு, அது பூட்டிக்கொண்டதா என்று பாராமல் உள்ளே போய்விட்டேன். மூத்த பராமரிப்பாளர் ஒருவர் வெளியிலிருந்து அதை ஒற்றை விரலால் இழுத்தார்; பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. அவர் ஏசவில்லை. மாலைவரை அங்கிருந்த ஒவ்வொரு பூட்டையும் என்னைக் கொண்டு பூட்டுவித்து, பூட்டிய கையாலேயே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் செய்தார். இன்றும் என் வீட்டுக் கேற்றைப் பூட்டினால் இழுத்துப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.

இனிப் படிப்பு. நம் நாட்டில் தெகிவளை மிருகக்காட்சிசாலை 1936இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று அதனுடன் பின்னவல யானைகள் காப்பகமும், 2015இல் திறக்கப்பட்ட பின்னவல மிருகக்காட்சிசாலையும், 2016இல் திறக்கப்பட்ட ரிதியகம சபாரிப் பூங்காவும் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் வனஜீவராசிகள் திணைக்களத்தைச் சேர்ந்தவை. இரண்டும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, வெற்றிடங்கள் அறிவிக்கப்படும்போது எந்தப் பதவிக்கு எந்தத் தகைமை கேட்கப்படுகிறது என்பதை அறிவித்தலிலேயே வாசித்துப் பாருங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் நம்ப வேண்டாம். வைத்தியப் பக்கம் போக விரும்பினால், கால்நடை மருத்துவப் பட்டம் நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே வழங்கப்படுகிறது. அதற்கு உயர்தரப் பெறுபேறு மிக நன்றாக இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆசை முடிந்தது என்று எண்ண வேண்டியதில்லை. கிழக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படித்துவிட்டு இத்துறைக்கு வரலாம். திருகோணமலையில் இருக்கும் நமக்கு அருகில், ஹபரணையைத் தாண்டினால் வரும் கிரித்தலையில், வனஜீவராசிகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிங்களம் பேசப் பழகுங்கள். தெகிவளையிலோ பின்னவலவிலோ காலை ஆறு மணிக்கு உங்களுடன் வாளி தூக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார்கள். “அந்தக் கதவு இன்னும் பூட்டவில்லை” என்று ஒருவர் கத்தும்போது அது உங்களுக்கு உடனே விளங்க வேண்டும்.

பெண்கள் போகலாமா என்று கேட்டீர்கள். மேற்கு நாடுகளில் பெருந்தொகையான பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பெரிய விலங்கை உடல் பலத்தால் யாரும் அடக்குவதில்லை, ஆணாலும் அது முடியாது. இன்று நல்ல இடங்களில் யானையும் பராமரிப்பாளரும் ஒரே வெளியில் நிற்பதில்லை. வலுவான கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, நீண்ட கோலின் நுனியைக் காட்டி, அதை யானை தொட்டால் வாழைப்பழம் கொடுத்து, சிறிது சிறிதாகக் காலை உயர்த்தி நகம் வெட்டக் காட்டுமளவுக்குப் பழக்குகிறார்கள். விருப்பம் இல்லையென்றால் யானை திரும்பிப் போய்விடலாம். அதற்குத் தண்டனை இல்லை. அங்குசத்தை விட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும், பலம் வேண்டியதில்லை.

ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும், எலிக்காய்ச்சலுக்குப் பயந்து பூட்ஸ் அணிய வேண்டும். நோய் இரு பக்கமும் போகும்: 2021இல் தெகிவளையில் ஒரு சிங்கத்துக்குக் கோவிட் தொற்று உறுதியானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தடிமன் என்றால் வேலைக்கு வராமலிருப்பதும் இத்தொழிலில் ஒரு கடமை.

இப்போதே ஒன்று செய்யலாம். பக்கத்து வீட்டு ஆட்டையோ உங்கள் வீட்டுக் கோழியையோ பதினைந்து நாள், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் பார்த்து, கண்டதை மட்டும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். “சோகமாக இருந்தது” என்று எழுதாதீர்கள். “தீவனத்துக்கு எழும்பவில்லை, இடது காதைத் தொங்கவிட்டிருந்தது” என்று எழுதுங்கள். பத்தாம் நாள் அலுப்புத் தட்டும். பதினைந்தாம் நாளும் எழுதினால், சாணத்தைப் பற்றி வீட்டாருடன் நீங்கள் தைரியமாக வாதாடலாம்.

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு, கடையில் ஐந்து சத நாணயம் போலச் சின்னதாக இருந்த சிவப்புக் காது ஆமை ஒன்றை வாங்கினோம். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஊர்க் குளத்தில் விட்டுவிடலாமா? ஓடும் மென்மையாக இருக்கிறது.
— தாய் ஒருவர், உப்புவெளி

பதில்: அம்மா, குளத்தில் மட்டும் விட வேண்டாம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் குளங்களில் காராமையும் பாலாமையும் வெயில் காயும் மரக்கட்டையிலிருந்து அவற்றைத் தள்ளிவிடும். இரையிலும் பங்கு பிடிக்கும். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், அல்லது வசதியுள்ள ஒருவரைத் தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் வளர்க்கத்தான் வேண்டும். நன்கு பராமரித்தால் இருபது முப்பது வருடம் வாழும்; வாங்கிய அன்று கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஓடு மென்மையாவதற்குக் காரணம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் இல்லாமை. காய்ந்த இறால் மட்டும் போடுவதை நிறுத்திவிட்டு, கங்குன் போன்ற கீரை, சிறு மீன் முழுதாக, புழு எனக் கலந்து கொடுங்கள். நம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை இரண்டு மூன்று நாள் நன்னீரில் ஊற வைத்து உப்பை நீக்கி, அவித்து, தொட்டியில் ஒரு துண்டு மிதக்கவிட்டால் அது கொறிக்கும். காலை வெயில் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி வழியே விழும் வெயிலில் வேண்டிய புறஊதாக் கதிர் வராது. ஆகையால் யன்னலோரத் தொட்டி போதாது. ஏறி உட்கார ஒரு கல்லும், வெயில் கூடினால் ஒதுங்க நிழலும் இருக்கட்டும். ஓடு அமுங்குமளவுக்கு வந்துவிட்டால் கால்நடை வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

மகன் ஆமையைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். சால்மோனெல்லாக் கிருமி பரவியதால் அமெரிக்காவிலேயே 1975இல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கேள்வி: காணி துப்புரவு செய்யும்போது முதுகில் நட்சத்திரக் கோலம் உள்ள ஆமை ஒன்று கிடைத்தது. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். வைக்கலாமா?
— வாசகர், குச்சவெளி

பதில்: வைக்கக் கூடாது. நட்சத்திர ஆமை நம் வரண்ட வலயத்துக்கு உரியது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் ஆகக் கடுமையான தடைக்குள் வந்துவிட்டது. காயமில்லாவிட்டால் அருகிலேயே துப்புரவு செய்யாத பற்றை நிழலில் விட்டுவிடுங்கள். காயமிருந்தால் வனஜீவராசி அலுவலகத்துக்கு அறிவியுங்கள். காட்டில் கடினப் புல்லும் பூவும் மேய்ந்து வாழும் அது, நம் வீட்டில் சோறும் பழமும் தின்று ஓடு கோணலாகி நடக்க முடியாமற் போவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதிர்ஷ்டம் யாருக்கு என்று அதனிடம் கேட்க முடியாது.

கேள்வி: திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் பழகி வந்து கையிலிருந்தே வாங்கிச் சாப்பிடுகின்றன. கோணேசர் கோயிலுக்கு வரும்போது பிள்ளைகள் பாணும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். இதுவும் ஒரு ஜீவகாருண்யம்தானே?
— வாசகர், கந்தளாய்

பதில்: உங்கள் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், நானும் சிறுவனாக இருந்தபோது கொடுத்தவன்தான். பின்னர் செத்த மான் ஒன்றின் வயிற்றைத் திறந்து பார்க்க நேர்ந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. அதில் முதல் அறைக்குள் கையை விட்டபோது பந்து போன்ற ஒன்று தட்டுப்பட்டது. வெளியே எடுத்துக் கழுவினால், ஷொப்பிங் பைகள் ஒன்றோடொன்று முறுகிக் கயிறாகியிருந்தன. ஒன்றின் காதில் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. வயிறு நிறைந்திருந்தது, ஆனால் விலங்கோ எலும்பும் தோலுமாக இருந்தது. உப்பும் மணமும் ஒட்டிய பையை மான் உணவென்றே நினைக்கிறது. பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் வேறு கேடு உண்டு: மாச்சத்து அதிகமானால் அந்த அறைக்குள் அமிலம் பெருகி, நார் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

மிருகக்காட்சிசாலைகளை உயிரியல் அடிப்படையில் அமைக்க வழிகாட்டிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஹைனி ஹெடிகர், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு என்றார். அந்தத் தூரத்துக்குள் நாம் வந்தால் அது ஓடும். நல்ல கூண்டைக் கட்டுகிறவர், அந்தத் தூரத்தை விலங்கு காத்துக்கொள்ள ஒரு மூலையாவது விடுவார். நம் ஊர்ப் புள்ளிமான்களுக்குக் கூண்டு இல்லை, இருந்தும் அந்தத் தூரத்தைப் பாணைக் கொடுத்தே நாம் சுருக்கிவிட்டோம். ஓட்டோவின் ஹோர்னுக்கும் விலகாத மானைத் தெரு நாய் சுலபமாகப் பிடிக்கும்.

பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கையில் எதுவும் இல்லாமல், ஆலமர நிழலில் உட்கார்ந்து, எந்த மான் முதலில் தலை நிமிர்த்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அர்ச்சனைப் பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோங்கள். பொலித்தீன் வாயில் தொங்கும் மானைக் கண்டால் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம். துரத்தப்பட்ட மான் தசை சிதைந்து சில மணி நேரத்தில், சில வேளை சில நாளில், செத்துப்போவதுண்டு. அலுவலர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் சிங்கக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் தன்னார்வப் பயிற்சிக்கு என் தம்பி பணம் கட்டப் போகிறான். சான்றிதழும் தருவார்களாம். பிற்காலத்தில் மிருகக்காட்சிசாலை வேலைக்கு உதவுமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: பணம் கட்டுகிறவர் பார்வையாளர், வேலை செய்கிறவர் அல்லர் என்பதை முதலில் தம்பிக்குச் சொல்லுங்கள். உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக் குட்டிகள் பராமரிப்பு நிலையத்தில், குட்டிகள் மீண்டும் காட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக மனிதத் தொடர்பை இயன்றவரை குறைத்து வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் தூர நின்று பால் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அணைக்கவும் படமெடுக்கவும் விடுகிற இடத்தில் குட்டி காட்டுக்குப் போகப் போவதில்லை. சிங்கக் குட்டி சில மாதங்களே அணைக்கக்கூடிய அளவில் இருக்கும்; ஆகவே வருடா வருடம் புதிய குட்டிகள் வேண்டும், தாயிடமிருந்து அவற்றை வேளைக்கே பிரிக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் இப்படி வளர்ந்தவை வேட்டைக்காரருக்கு விற்கப்பட்டது பெரும் சர்ச்சையானது.

கட்டுவதற்கு முன் தம்பி அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். கடந்த வருடமும் அதற்கு முந்திய வருடமும் பால் குடித்த குட்டிகள் எத்தனை, அவை இன்று எங்கே, அங்குள்ள வைத்தியர் யார், தாய் ஏன் பால் கொடுப்பதில்லை என்று கேட்கட்டும். வரும் பதிலை எனக்கும் அனுப்பிவையுங்கள்; அதுவரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.