மீன்கொத்திக்கு முன் ஒரு பாரை

கேள்வி: வேப்பங்கட்டையில் வெண்மார்பு மீன்கொத்தி ஒன்றை உயிரளவில் செதுக்கினேன். உடம்பு வெடித்துவிட்டது, அலகு இரண்டு தரம் முறிந்தது. வர்ணம் பூசியும் பொம்மை மாதிரித்தான் இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?
– இளம் தச்சர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தில் வால் முனையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தின் நெட்டி, அதாவது வளையங்களின் நடுவிலிருக்கும் மென்மையான பகுதி, அங்கே புள்ளியாகத் தெரிகிறது. உருட்டுக் கொப்பை அப்படியே எடுத்திருக்கிறீர்கள். காயும்போது மரம் நடுவை நோக்கிச் சுருங்குவதைவிட வளையத்தைச் சுற்றிச் சுருங்குவது ஏறக்குறைய 2 மடங்கு. அந்த இழுபறியில் நெட்டி வரைக்கும் பிளந்துவிடும். இனிமேல் கட்டையை நடுவால் பிளந்து, நெட்டியை விலக்கி எடுங்கள். வெட்டு முகங்களில் மெழுகு பூசி நிழலில் வையுங்கள். 1 அங்குலத் தடிப்புக்கு 1 வருடம் என்பது தச்சர் கணக்கு. பொறுமை இல்லையென்றால் பழைய கட்டை வைத்திருப்பவரிடம் கெஞ்சித்தான் வாங்க வேண்டும்.

உங்கள் பறவை தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அழகுதான், ஆனால் அலகு நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போய்விட்டதே! தலையைத் தனிக்கட்டையில், நார் அலகின் நீளத்துக்கு ஓடும்படி செதுக்கி, கழுத்தில் மூங்கில் ஆணி வைத்து ஒட்டுங்கள்.

சரி, பொம்மை மாதிரி இருப்பதற்கு வருவோம். உடம்பின் மேடு பள்ளம் அமையுமுன்னே இறகு கீறத் தொடங்கிவிட்டீர்கள். பறந்து திரியும் மீன்கொத்தி அளவெடுக்க விடாது. மீன் விடும்; முதலில் மீனைச் செதுக்கிப் பழகுங்கள். விடியற்காலையில் கரைக்குப் போய் ஒரு பாரை வாங்குங்கள். நிறம் மங்குமுன் படம் எடுங்கள். மட்டையில் வைத்துச் சுற்றுக்கோடு கீறி, தலை, செவுள், நடு, வால் என்று ஒவ்வோர் இடத்திலும் தடிப்பை அளந்து எழுதுங்கள். வால் பக்கமிருந்து தலை நோக்கி விலாவில் விரலை ஓட்டினால் அரம் மாதிரி ஒரு முள்வரிசை குத்தும். படத்தில் வெறும் கோடாகத் தெரிவது அதுதான். செட்டைகளைத் தனியாகச் சீவிச் செருகுங்கள். அளந்து முடித்த பாரை குழம்புக்கும் ஆகும், வீட்டில் திட்டு விழாது.

இப்படி நாலைந்து மீன் செய்த கையோடு மீன்கொத்திக்குத் திரும்புங்கள். வெறும் உடம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, நிழல் சரியாக விழும்வரை இறகைத் தொடவேண்டாம். அப்புறம் அந்த நீலம். மீன்கொத்தியின் நீலம் சாயமல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறி வருவது. டப்பா நீலத்தை ஒரே பூச்சாகப் பூசினால் கதவு மாதிரித்தான் இருக்கும். அடியில் கருமை கொடுத்து, மேலே தண்ணீர் பதத்தில் நீலத்தை ஐந்தாறு தரம் பூசிப் பாருங்கள்.