அப்பா வரும் நேரமும் பிள்ளை தூங்கும் நேரமும்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது. சமீபம் வரை தூளியில் போட்டு ஆட்டினால் தூங்கிவிடுவான். கனம் கூடிவிட்டதால் தூளியை அவிழ்த்துவிட்டு, சின்னக் கட்டில் வாங்கினோம். எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் எட்டு ஐந்துக்கு ஹாலில் வந்து நிற்கிறான். தண்ணி, உச்சா, பொம்மை என்று ஏதாவது ஒரு சாக்கு. ஹாலில் அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வர ஒன்பது ஆகிறது. கடைசியில் இவன் தூங்க பதினொன்று. மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை தூங்குவான், காலையில் எட்டுக்கு எழுவான். அமெரிக்காவிலிருக்கும் நாத்தனார், "எங்க வீட்ல ஏழரைக்கெல்லாம் தனி ரூம்ல தூங்கிடுவாங்க, நீங்க பழக்கல" என்கிறார். முந்தாநாள் ஆத்திரத்தில் அடித்துவிட்டேன். அவன் தேம்பிக்கொண்டே தூங்கினான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதிய நேரங்களை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். இரவு பதினொன்றிலிருந்து காலை எட்டு வரை ஒன்பது மணி நேரம். மதியம் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், மூன்று வயதானால் 10 முதல் 13. உங்கள் மகன் தூக்கம் கெட்டுத் திரியவில்லை. ஐந்து மணிக்கு எழுந்த பிள்ளைக்கு எட்டு மணிக்குக் கண் சொருகாது. தூக்கம் வராத பிள்ளையைப் படுக்கையில் கிடத்திவிட்டு, அவன் எழுந்து வருவதை அடம் என்கிறோம்.

முதலில் மதியத் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். காலையில் ஏழு மணிக்கு எழுப்பிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். பன்னிரண்டரைக்குச் சோறு ஊட்டி, ஒரு மணிக்குப் படுக்கப் போட்டு, மூன்றுக்குள் எழுப்புங்கள். முதல் சில நாள் சிணுங்குவான். அத்தைக்கும் அந்த நேரம்தான் ஓய்வு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை மாற்றாமல் மற்ற எதைச் செய்தும் பலனில்லை.

எட்டு மணி என்ற நேரத்தையும் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க அப்பாவைப் பார்க்காத பிள்ளை, வாசலில் பைக் சத்தம் கேட்கப்போகிறது என்று தெரிந்தே விழித்திருக்கிறான். அந்த ஆசையை அடக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பதுக்கு அவர் வரட்டும், ஒன்பதரைக்குத் தூங்கட்டும். பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வைக்க வேண்டும் என்பவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு இதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த அரை மணி நேரம் வீடே படுக்கத் தயாராக வேண்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹாலில் டியூப்லைட் எரிய, டிவி ஓட, பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் போய் இருட்டில் படுக்க வேண்டுமென்றால் எந்தப் பிள்ளை படுக்கும்? வெளிச்சம் சும்மா இல்லை. அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பளீரென்ற வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்துபோனதாக 2018இல் எழுதினார்கள். உங்கள் வீட்டு டியூப்லைட் அவ்வளவு பிரகாசம் இல்லைதான். இருந்தாலும் எட்டே முக்காலுக்கு ஹால் விளக்கை அணைத்துச் சின்ன பல்பைப் போடுங்கள். அத்தையிடம் நீங்கள் சொல்வதைவிட அவர் மகன் சொன்னால் எடுபடும்.

அவர் வந்ததும் பிள்ளையைத் தூக்கிப்போட்டு விளையாடக் கூடாது, போனைக் கையில் கொடுக்கக் கூடாது. கை கால் கழுவிவிட்டு, உச்சா போக வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, கதை சொல்லித் தூங்க வைப்பது அவர் வேலையாக இருக்கட்டும். தினமும் அதே வரிசை. 2009இல் 405 தாய்மாரையும் அவர்களுடைய சின்னக் குழந்தைகளையும் வைத்துச் செய்த ஆய்வில், குளியல், தடவிவிடுதல், அமைதியாகக் கொஞ்ச நேரம் என்று ஒரே வரிசையைக் கடைப்பிடித்ததில் இரண்டே வாரத்தில் பிள்ளைகளின் தூக்கமும் மேம்பட்டது, அம்மாக்களின் மனநிலையும் மேம்பட்டது.

அப்புறமும் இறங்கி வருவான். வந்தால் திட்ட வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். தூக்கிக்கொண்டுபோய், "தூங்குற நேரம் சாமி" என்று ஒரே வாக்கியம் சொல்லிப் படுக்க வையுங்கள். மறுபடி வந்தால் மறுபடியும் அதே வாக்கியம், அதே குரல். முதல் இரண்டு மூன்று இரவு முன்னைவிட அதிகமாகவே வருவான், அதில் மனம் தளராதீர்கள். ஆறாவது தடவை சலித்துப்போய் ஹாலில் உட்கார வைத்தால், ஆறு தடவை வந்தால் வேலை நடக்கும் என்று கற்றுக்கொள்வான்.

நாத்தனார் சொல்வதற்கு வருகிறேன். 17 நாடுகளில், இந்தியாவும் அதில் உண்டு, மூன்று வயது வரையிலான பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. நியூசிலாந்தில் சராசரியாக இரவு 7.27க்குப் படுக்கிறார்கள், ஹாங்காங்கில் 10.17க்கு. ஆசிய நாடுகளில் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோர் அறையில்தான் தூங்குகிறார்கள். அவர் வீட்டு வழக்கம் அவருக்கு. நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பதில் ஒரு குறையும் இல்லை. அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே படுத்திருந்தால், நடுராத்திரி விழிக்கும்போதும் அந்தக் கையைத் தேடுவான். அது உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் அப்படியே இருக்கட்டும். தொந்தரவென்றால், சில நாள் கை வைக்காமல் பக்கத்தில், பிறகு சற்றுத் தள்ளி என்று மெல்ல விலகுங்கள்.

பூச்சாண்டி வருவான் என்று யாரும் சொல்லக் கூடாது. இந்த வயதில்தான் இல்லாததையெல்லாம் மனதில் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்தப் பயத்தோடு இருட்டில் எப்படிப் படுத்திருப்பான்? தூங்குவதற்காகச் சளி மருந்து ஒரு மூடி கொடுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவற்றில் பரவலாக விற்கும் ஒரு கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று 2023இல் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. குறட்டை விடுகிறான், வாயால் மூச்சு வாங்குகிறான், தூக்கத்தில் ஓயாமல் காலை உதறுகிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடித்ததை நினைத்து மறுகிக்கொண்டிருக்காதீர்கள். காலையிலிருந்து தனியாகப் பார்த்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குக் கை ஓங்கியிருக்கிறீர்கள். இனி அந்த நேரத்தில் ஆத்திரம் வந்தால் பிள்ளையைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் நில்லுங்கள். இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். மதியத் தூக்கத்தை மாற்றிய பிறகு எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா