ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரம்: கல்லூரி அணியை வெளியே தெரியவைக்க என்ன செய்யலாம்?

கேள்வி: நான் கல்லூரி இறுதியாண்டு மாணவி. எங்கள் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்கு மேலாளராகவும் இருக்கிறேன். இந்த முறை கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனோம். ஆனால் இப்படி ஓர் அணி இருப்பதே எங்கள் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. பத்திரிகைகளுக்கு மூன்று முறை செய்தி அனுப்பியும் ஒன்றுகூட வரவில்லை (மூன்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்). இப்போது ஒருவர், மொத்தமாகப் பணம் கொடுத்தால் இருபது இணையதளங்களில் செய்தி, பத்தாயிரம் ஃபாலோயர்கள், விக்கிப்பீடியா பக்கம் எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்கிறார். அணி நிதியிலிருந்து கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். நிதி உங்கள் கையில் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்று செய்திகளையும் படித்தேன். மூன்றும் கல்லூரியின் கடிதத்தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்பிய படங்கள். நான் பல ஆண்டுகள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். படமாக வரும் செய்தியை அங்கே ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். இரவு பக்கம் முடிக்கிற நேரத்தில் அதற்கு ஆள் கிடையாது. அப்படியே ஒருவர் உட்கார்ந்தாலும், உங்கள் முதல் இரண்டு பத்தியிலும் முதல்வர், செயலர், சிறப்பு விருந்தினர் பெயர்கள்தான் இருக்கின்றன. கோல் கணக்கு கடைசி வரியில் வருகிறது. இரண்டாவது செய்தியில் கோல் கணக்கே இல்லை. போதாததற்கு, மூன்றும் ஆட்டம் முடிந்து நான்கைந்து நாள் கழித்துத்தான் போயிருக்கின்றன. உங்கள் அணி சிறியது என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அணியைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போயிருக்கிறது.

இனி இப்படிச் செய்யுங்கள். செய்தியை மின்னஞ்சலுக்குள்ளேயே யூனிகோடு எழுத்தில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்து அனுப்பினால் எதிர்முனையில் புரியாத குறிகளாகத்தான் தெரியும். முதல் வாக்கியத்தில் யார் யாரை, எந்தப் போட்டியில், எங்கே, என்றைக்கு, எத்தனைக்கு எத்தனை என்று வென்றார்கள் என்பது முழுதாக இருக்க வேண்டும். அடுத்து, ஆட்டம் எங்கே திரும்பியது என்று ஒரு வரி. ‘சிறப்பாக விளையாடி வெற்றிவாகை சூடினர்’ என்பதில் செய்தி எதுவும் இல்லை. ‘இடைவேளையில் 11-14 என்று பின்தங்கியிருந்த அணி, கடைசிப் பத்து நிமிடத்தில் ஏழு கோல் போட்டு 27-24 என வென்றது’ என்று எழுதிப் பாருங்கள், படிப்பவருக்கு ஆட்டமே கண்ணில் தெரியும். அப்புறம் அதிகக் கோல் போட்டவர்கள், கோல்கீப்பர் தடுத்தவை, அடுத்த ஆட்டம் எப்போது. கடைசியில், இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுக்கக்கூடிய ஒருவரின் எண். மொத்தம் நூறு சொல் போதும்.

பெயர்களைத் தமிழில், தலைப்பெழுத்துடன் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அது தரணியா தாரணியா என்று அந்தப் பெண்ணைப் பார்த்தே இராத ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். தன் பெயர் முதல்முறை அச்சில் வரும்போதே தப்பாக வந்தால் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பல பெற்றோர் தொலைபேசியில் அழைத்து என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஆட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. முதல் செய்தியில் ‘கைப்பந்து’ என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பந்து என்றால் தமிழில் பெரும்பாலோர் வாலிபால் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எறிபந்து என்று எழுதினால் த்ரோபால் என்று நினைப்பவர்களும் உண்டு. தயங்காமல் ‘ஹேண்ட்பால்’ என்றே போடுங்கள். கூடவே ஒரு வரி விளக்கம்: அணிக்கு ஏழு பேர், தலா முப்பது நிமிடம் கொண்ட இரண்டு பகுதிகள், 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களம், பெண்களுக்கு 1976 முதல் ஒலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம். இதைத் தெரிந்துகொள்ள நிருபருக்கு நேரம் இருக்காது. நீங்கள் கொடுத்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வார்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் செய்தி போய்விட வேண்டும். அதற்கு, ஆட்டத்துக்கு முந்தின நாளே பாதியை எழுதிவைத்துவிடுங்கள். தோற்றாலும் அனுப்புங்கள். ஜெயித்தால் மட்டும் எழுதும் அணியைவிட, ஒவ்வொரு முடிவையும் ஒழுங்காகத் தரும் அணியைத்தான் பத்திரிகையின் டெஸ்க்கில், அதாவது செய்தியைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் அமைக்கும் இடத்தில் இருப்பவர் நம்புவார். ஒரு நாள் பக்கத்தில் சின்ன இடம் காலியாகும்போது அவருக்கு உங்கள் ஞாபகம்தான் வரும்.

ஏன் நான்கு நாள் தாமதம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்: துறைத்தலைவர், முதல்வர், செயலர் என்று மூன்று மேசை தாண்டி ஒப்புதல் வர வேண்டுமாம். இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கோல் கணக்குக்கு எதற்கு மூன்று கையெழுத்து? நடுவர் எழுதிக் கையொப்பமிட்ட ஸ்கோர் ஷீட் இருக்கிறது, அதைவிடப் பெரிய ஒப்புதல் ஏது? வெயிலில் ஓடி முட்டியைத் தேய்த்துக்கொண்ட பெண்கள், தங்கள் வெற்றி ஒரு கோப்புக்குள் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போட்டி நடத்துபவர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. அட்டவணையை முந்தின இரவு தருகிறார்கள், முடிவுகளை எங்கும் வெளியிடுவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுச் செய்தி தருவதற்கென்றே ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு 1957 முதல் ஒரு சங்கமும் இருக்கிறது. இங்கே அந்த வேலையைத் தேர்வுக்குப் படிக்கிற ஒரு மாணவி செய்கிறார், அவருக்கும் கையெழுத்துத் தடை. சரி, வழி ஒன்று இருக்கிறது. பருவத் தொடக்கத்திலேயே, ‘ஆட்ட முடிவுகளை உடற்கல்வி இயக்குநர் பார்த்தால் போதும், அன்றே அனுப்பலாம்’ என்று ஒரே ஒரு கடிதத்தில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பாராட்டு விழாச் செய்திகள் வழக்கம்போல மூன்று மேசைக்கும் போகட்டும்.

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விருந்தினர் நடுவில் நிற்க, கோப்பையோடு வரிசையாக எடுத்த படம் வேண்டாம். பந்தோடு தாவுகிற ஒரு பெண்ணின் முகம் தெரியும் படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கி அச்சுக்கு உதவாது. படத்தில் இருப்பவரின் பெயரும் எடுத்தவரின் பெயரும் கீழே இருக்கட்டும். படம் வெளியாவதில் அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஆளின் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லும் ‘இருபது இணையதளங்கள்’ என்பவை பெரும்பாலும் பணம் வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் ஏற்றும் தளங்கள், அவற்றைத் தேடிப் போய்ப் படிப்பவர் யாரும் இல்லை. நடுவில் பேர்போன பத்திரிகை ஒன்றின் சின்னத்தையும் காட்டுவார். உற்றுப் பார்த்தால் அது அதே பத்திரிகையின் விளம்பரப் பகுதியாக இருக்கும், மூலையில் சின்ன எழுத்தில் அப்படியே எழுதியிருக்கும். பத்தாயிரம் ஃபாலோயர்கள் என்பவை ஆளில்லாத கணக்குகள். அப்படி வாங்குவது அந்தத் தளங்களின் விதிகளுக்கே எதிரானது, கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். நாளைக்கு ஒரு ஸ்பான்சர் உங்கள் பக்கத்தைத் திறந்து, பத்தாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒரு படத்துக்குப் பன்னிரண்டு லைக் விழுந்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? இன்று உங்களைப் பின்தொடரும் இருநூறு பேர் உண்மையானவர்கள் என்றால், அவர்களே மேல்.

விக்கிப்பீடியாவில் ஒரு பக்கம் நிலைக்க வேண்டுமென்றால், உங்களைச் சாராத, நம்பகமான இடங்களில் உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். உங்களுக்கு அது இன்னும் நடக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு எழுதுபவர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் அங்கே விதியும் இருக்கிறது, இவர்கள் அறிவிப்பதில்லை. பக்கம் நீக்கப்படும், பணம் திரும்பாது. ‘வளரும் அணி விருது’ என்று அடுத்து ஒன்றைக் கொண்டுவருவார். கட்டணம் கட்டி வாங்கும் விருதை ஏற்காதீர்கள். எல்லாவற்றையும்விட, உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் அணி அப்படிக் கொடுத்தது. பணத் தகராறு வந்ததும் அந்த ஆள் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். நான்கு ஆண்டுப் படங்களும் வீடியோக்களும் போய்விட்டன. அந்தப் பிள்ளைகள் அழுததை நான் நேரில் பார்த்தேன்.

‘இந்தப் பத்திரிகையில் நிச்சயம் வரும்’ என்று ஒருவர் உறுதி தருகிறாரா? அது விளம்பரமாக இருக்க வேண்டும், அல்லது லஞ்சமாக, அல்லது பொய்யாக. நேர்மையான செய்திக்கு யாராலும் முன்கூட்டி உறுதி தர முடியாது.

அப்படியானால் பணமே செலவழிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேதியும் இடமும் உறுதியான ஓர் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்க, சமூக ஊடகத் தளத்துக்கே நேரடியாகப் பணம் கட்டி, சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த அறிவிப்பைக் காட்டச் செய்யலாம். கல்லூரியின் சொந்தக் கணக்கிலிருந்து கட்ட வேண்டும், ரசீது கல்லூரி பெயரில் வர வேண்டும், பதிவில் அது விளம்பரம் என்று தெரிய வேண்டும். முன்னாள் மாணவர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டாலும் இதே முறைதான், ரசீது அவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ வரக் கூடாது. ‘எனக்குத் தள்ளுபடி கிடைக்கும், என் வழியாகக் கட்டுங்கள்’ என்று ஒருவர் நடுவில் வந்தால் அது விதிவிலக்கில் சேராது. பத்திரிகை விளம்பரமும் அப்படித்தான், விளம்பரப் பிரிவில் நேரடியாகக் கொடுங்கள். ஆனால் ‘விளம்பரம் தந்தால் செய்தியும் போடுகிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்துபோன ஆட்டத்தின் வெற்றிக்கு விளம்பரம் செய்வதும் இதில் சேராது. இத்தனைக்கும் உட்பட்டு, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை செய்யலாம்.

சமூக ஊடகத்தில் பணத்தைவிட அந்த நேரத்தில் அங்கே இருப்பதுதான் வேலை செய்யும். 2018 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் யூஎம்பிசி (பால்டிமோர் கவுண்டியில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகம்) என்ற, பலரும் கேள்விப்படாத அணி, தன் பிரிவில் கடைசியான 16ஆம் தரவரிசையிலிருந்து வந்து, முதலிடத்திலிருந்த விர்ஜினியாவை 74-54 என்று வீழ்த்தியது. அதற்கு முன் ஆண்கள் போட்டியில் 16ஆம் தரவரிசை அணிகள் முதலிட அணிகளோடு மோதிய 135 ஆட்டங்களிலும் தோற்றிருந்தன. அந்த இரவு யூஎம்பிசியின் ட்விட்டர் கணக்கில் ஒருவர் உட்கார்ந்து, ஆட்டம் நடக்க நடக்க எழுதிக்கொண்டே இருந்தார். சில ஆயிரமாக இருந்த ஃபாலோயர்கள் பல மடங்கானார்கள். வெற்றி களத்தில் வந்ததுதான், ஆனால் அன்றைக்கு அந்தக் கணக்கு பூட்டிக் கிடந்திருந்தால்? உங்கள் அணியிலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பெண்ணை அதற்கென்றே நியமியுங்கள். காயத்தால் ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்திருப்பவர் இருந்தால், அவரைவிட நன்றாக இதைச் செய்ய ஆள் கிடையாது.

உங்கள் கல்லூரியிலேயே தெரியவில்லை என்றீர்களே, வெளியே போகும் முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். விடுதிப் பலகையில் ஆட்ட நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். வகுப்புக்கு ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்று யாராவது சொன்னால், 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் வந்தார்கள் என்று சொல்லுங்கள். அங்கேயும் அது ஒரே நாளில் சேர்ந்த கூட்டம் இல்லை, 2001 முதலே அந்த அணியின் உள்ளூர் ஆட்டங்களுக்கு டிக்கெட் தொடர்ந்து தீர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. அட்டவணை கிடைத்த அன்றே, உங்கள் பகுதிக் கல்லூரி விளையாட்டுகளை எழுதும் நிருபர் யார் என்று பத்திரிகையில் கேட்டு, அவர் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொதுமுகவரிக்கு மட்டும் அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டாம், அது அவர்கள் பக்கம் முடிக்கும் நேரம். நான்காவது செய்தியை ஆட்டத்துக்கு முந்தின நாள் பாதி எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.