உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு எத்தனை கலோரி தேவை?

"நாள் முழுக்க உட்கார்ந்துதான் வேலை, எனக்கு எதற்கு 1500 கலோரி?" என்று கேட்கிறீர்கள். சரி, அசையாமல் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்கணும், மூச்சு ஓடணும், உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டி நிற்கணும். இந்த ஓய்வுச் செலவில் மூளை மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

கணக்கு போட்டுப் பாருங்கள்: எடையை (கிலோ) 10ஆல், உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழியுங்கள், அப்புறம் பெண் என்றால் இன்னும் 161ஐக் கழிக்கணும், ஆண் என்றால் 5ஐக் கூட்டணும். 60 கிலோ, 160 செ.மீ., 30 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1289 கலோரி வரும். சும்மா இருக்கவே இவ்வளவு! உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் சுமார் 1550. மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நாம் பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி, அதாவது ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் அளவு.